பம்பை மாற்றும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்!

“சொந்தமாக செயின் டைப் நெல் அறுவடை இயந்திரம் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறோம். காலையில் நன்றாக இழுக்கிறது. மதியத்துக்கு மேல் எஞ்சின் சூடு ஏறி, லிவரை முழுதாகத் தள்ளினாலும் வண்டி நகரத் திணறுகிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். பிசான அறுவடை நேரத்தில் அது பெரிய செலவு. மாற்றித்தான் ஆக வேண்டுமா?”

- வாசகர், செங்கோட்டை.

அவசரப்பட வேண்டாம். சூடான பிறகு மட்டும் இழுவை குறைந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஆயில் ஆறவில்லை. மற்றொன்று, பம்ப் தேயத் தொடங்கிவிட்டது. உங்கள் வண்டியில் எஞ்சினும் சேர்ந்து சூடாவதால், முதலில் சந்தேகப்பட வேண்டியது குளிர்விக்கும் பகுதியைத்தான்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. அந்தப் பம்ப் தள்ளும் ஆயில்தான் மோட்டாரைச் சுழற்றி வண்டியை நகர்த்துகிறது. கியர் வண்டியைவிட இதில் சக்தி இழப்பு அதிகம். இழந்த சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கும். சூடான ஆயில் தண்ணீர் போல இளகி, பம்புக்குள் இருக்கும் மெல்லிய இடைவெளிகளில் கசியும். அதனால் இழுவை குறையும். அந்தக் கசிவே மேலும் சூட்டைக் கிளப்பும். ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் ஆயில் சீல்களும் கெட ஆரம்பிக்கும்.

பல வண்டிகளில் ஆயில் கூலரும் ரேடியேட்டரும் அருகருகே இருக்கும். இரண்டுக்கும் ஒரே ஃபேன்தான். வைக்கோல் தூசி, நெல் சுணை அடைத்துக்கொண்டால் எஞ்சின், ஆயில் இரண்டுமே சூடாகும். வெளிவலை சுத்தமாகத் தெரிந்தாலும், கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி மெத்தை போலப் படிந்திருக்கும்.

செய்ய வேண்டியவை:

* எஞ்சின் ஆறிய பிறகு, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துத் தூசியை நீக்கவும். குழலை மிக அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். அறுவடைக் காலத்தில் வலையைத் தினமும் பலமுறை தட்டிவிட வேண்டும்.

* ஃபேன் பெல்ட், பம்பைச் சுழற்றும் பெல்ட் இரண்டின் இறுக்கத்தையும் பார்க்கவும்.

* ஆயில் அளவு, ஃபில்டரைச் சரிபார்க்கவும். கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றவும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே மாற்றவும்.

* வேகத்தைக் குறைக்க ஆக்ஸிலேட்டரைக் குறைக்கக் கூடாது. எஞ்சின் வேகம் குறைந்தால் ஃபேன் காற்றும் குறையும். எஞ்சினை உரிய வேகத்தில் வைத்து, லிவரால் நடையைக் குறைக்கவும்.

இவ்வளவும் செய்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்கவும். திணறும்போது எஞ்சின் வேகமும் விழுந்தால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டரைக் கவனிக்கவும். எஞ்சின் சீராக ஓடி, பெல்ட்டும் வழுக்காமல் இருந்து, வண்டி மட்டும் நின்றால், கேஜ் வைத்து ஆயில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைப் பார்த்த பிறகே பம்பை மாற்றுவது பற்றி முடிவெடுக்கலாம்.

“எலுமிச்சைத் தோட்டத்தில் மினி டிராக்டரில் ரோட்டவேட்டர் ஓட்டுகிறேன். அடிக்கடி சூடாவதால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?”

- வாசகர், புளியங்குடி.

கழற்றக் கூடாது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும். பழுதென்று சந்தேகம் வந்தால், கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் புதிதாக மாற்றுங்கள்.

கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படியும். கூலன்ட்டுடன் சுத்திகரித்த தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றவும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், மூடியை மாற்றவும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் கணவாய்க் காற்று பலமாக இருக்கும். காற்று பின்னாலிருந்து அடித்தால் ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதி ரேடியேட்டர் பக்கமே வரும். வானம் குளிர்ந்திருந்தாலும், அந்த நாட்களில் வலையைத் துடைக்க மறக்க வேண்டாம்.