உளிச் சத்தம் ஊர் தாண்டிக் கேட்கட்டும்! காசு செலவில்லாமல் வாடிக்கையாளரைப் பிடிக்க அரும்பாவூர் வழி

செல்போன் சந்தை

புது வீடு கட்டி முடித்த ஒருவர், பூஜை அறையில் வைக்க மரத்தில் செய்த பிள்ளையார் வேண்டும் என்று போனில் தேடுகிறார். வரிசையாகப் படங்கள் வருகின்றன. எது கையால் செதுக்கியது, எது மெஷினில் வெட்டியது, எது அச்சில் வார்த்தது என்று தெரியவில்லை. பார்க்க நன்றாக இருந்த ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அதே நேரத்தில், பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூரில், அவர் தேடிய பிள்ளையாரை ஒரு சிற்பி உளியும் கொட்டாப்புளியுமாகச் செதுக்கிக்கொண்டிருப்பார். தேடுபவருக்கும் செதுக்குபவருக்கும் நடுவே இருப்பது ஒரு போன்தான். ஆனால், அந்தப் போனில் சிற்பியின் பெயரும் இல்லை, படமும் இல்லை, நம்பரும் இல்லை.

இந்த இடைவெளியைக் காசு கொடுத்து விளம்பரம் செய்யாமலே குறைக்க முடியுமா? முடியும். ஆனால், அதற்கும் ஒரு விலை உண்டு. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

பெயர் இருக்கிறது, முகவரி இல்லை

அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் சாமி சிலைகள் செய்வதும், கோயில் தேருக்கான சிற்ப வேலைகள் செய்வதும் இந்த ஊரின் தொழில். மரக்கட்டையில் முதலில் உருவத்தை வரைந்துகொள்வார்கள். பிறகு வேண்டாத பகுதியை வெட்டி எடுத்து, கடைசியில் சின்ன உளிகளால் கண், விரல், நகை என்று நுணுக்கம் கொண்டுவருவார்கள்.

புவிசார் குறியீடு வந்தது நல்ல செய்தி. ஆனால், அது ஊரின் தொழிலுக்குக் கிடைத்த பெயர். தனித்தனிச் சிற்பியின் வீட்டு வாசலுக்கு வாடிக்கையாளரை அது தானாகக் கூட்டிவராது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த முத்திரையை ஒருவர் தன் பொருளில் பயன்படுத்த, சென்னையில் இருக்கும் புவிசார் குறியீடு பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தன் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவர்கள் அதைப் படத்தோடு சொல்லலாம். மற்றவர்கள் ஊர்ப் பெயரையும் தங்கள் கைவேலையையும் சொன்னால் போதும்.

போட்டியும் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-ல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. வாங்குபவர் இரண்டையும் தேடுவார். யார் கண்ணில் படுகிறாரோ அவருக்குத்தான் போன் வரும்.

ஒரு கோடிப் பேர் வேண்டாம், பத்துப் பேர் போதும்

விளம்பரமே இல்லாமல் கூட்டம் சேர்ப்பது பற்றிப் பேசினால், புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலம் கிராமத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018-ல் அங்கே ஒரு தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். செட் இல்லை, ஸ்டுடியோ இல்லை. வயல்வெளி, அடுப்பு, பெரிய அண்டா, தெரிந்த வேலை. தமிழ் தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். சமையல் கண்ணால் பார்த்தாலே புரிகிற வேலை அல்லவா?

சிற்பமும் அப்படித்தான். வெறும் மரக்கட்டை மெல்ல மெல்லச் சாமியாக மாறுவதைப் பார்க்க மொழி வேண்டாம்.

ஆனால், இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. சமையல் சேனலுக்குப் பார்வையாளர்தான் வருமானம். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அந்த அளவுக்கு நல்லது. சிற்பிக்கோ பார்வையாளர் வேறு, வாங்குபவர் வேறு. ஒரு சிலைக்கே பல நாள் ஆகும்போது, மாதத்துக்குப் பத்து ஆர்டர் வந்தாலே பட்டறை திணறிவிடும். லட்சம் பேர் பார்த்து ஒருவரும் போன் செய்யாத வீடியோவைவிட, இருநூறு பேர் பார்த்து இரண்டு பேர் விலை கேட்கும் வீடியோதான் அவருக்கு லாபம். 'வியூஸ்' கூடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதல் வேலை: பழைய நோட்டு

எல்லோரும் முதலில் ரீல்ஸ் போடத்தான் ஓடுவார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, வீட்டில் இருக்கும் பழைய கணக்கு நோட்டைப் புரட்டுவது. இதுவரை சிலை வாங்கியவர்கள், கோயில் வேலைக்கு அழைத்தவர்கள், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் என எல்லோரின் நம்பரும் அதில் இருக்கும்.

அந்த நம்பர்களை 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியில் சேர்த்துவிடலாம். செயலி இலவசம். அதில் 'கேட்லாக்' என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு சிலைக்கும் படம், உயரம், எடை, எந்த மரம், செய்ய எத்தனை நாள், விலை என்று எழுதி வைத்துவிட்டால், "அண்ணே, என்ன விலை?" என்று கேட்பவருக்கெல்லாம் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

'பிராட்காஸ்ட்' மூலம் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பலாம். ஆனால், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால், சிலையை ஒப்படைக்கும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புதுசா செஞ்சா படம் அனுப்புறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. தினமும் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். மாதத்துக்கு இரண்டு போதும்.

இரண்டாவது: வரைபடத்தில் வாசல்

'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' பதிவு செய்யவும் காசு கிடையாது. பட்டறையின் பெயர், இடம், நேரம், போன் நம்பர், படங்கள் கொடுத்து, கூகுள் கேட்கும் முறையில் உறுதிப்படுத்தினால் மேப்பில் பட்டறை வந்துவிடும். பெரம்பலூர் பக்கம் வருகிறவர் போனில் தேடினால் கண்ணில் படும்.

இங்கே இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். பட்டறைப் பெயரோடு 'சிறந்த', 'நம்பர் ஒன்', 'குறைந்த விலை' என்றெல்லாம் வால் சேர்க்கக் கூடாது. உண்மையான பெயர்தான் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. காசு கொடுத்தோ, தள்ளுபடி தருவதாகச் சொல்லியோ ரிவ்யூ வாங்குவதும் விதிக்கு எதிரானது. பழைய நோட்டில் இருக்கும் திருப்தியான வாடிக்கையாளரிடம், "மனசுல பட்டதை எழுதுங்க சார்" என்று லிங்க் அனுப்பிக் கேட்கலாம். வீட்டில் சிலை இருக்கும் படத்தோடு அவர் எழுதும் நாலு வரி, காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைவிட அதிகம் பேசும்.

மூன்றாவது: வேலையே வீடியோ

வீடியோவுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். செதுக்கும் இடத்தில் போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். கண் திறக்கும் நேரம், விரல் பிரியும் நேரம், எண்ணெய் பூசியதும் மரம் நிறம் மாறும் நேரம் எனச் சில நொடிகள் போதும். சினிமாப் பாட்டு போட்டால் உரிமைப் பிரச்னை வரலாம். உளிச் சத்தமே நல்ல இசைதான். யூடியூப் ஷார்ட்ஸில் இப்போது மூன்று நிமிடம் வரை போடலாம்.

என்ன வீடியோ போடுவது என்ற குழப்பத்துக்கு, போனில் வரும் கேள்விகளே பதில். "இது எந்த மரம்?", "வெயில் காலத்துல விரிசல் விடுமா?", "பூச்சி அரிக்காம எப்படிப் பாத்துக்கறது?", "எங்க குலசாமி படம் கொடுத்தா செஞ்சு தருவீங்களா?" ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் பலர் மனதில் இருக்கும்.

தலைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'எங்கள் படைப்பு' என்று போட்டால் யாரும் தேட மாட்டார்கள். வாங்குபவர் எந்தச் சொல்லில் தேடுவாரோ அதை எழுதி, கூடவே ஊர்ப் பெயரையும் சேர்க்க வேண்டும். 'பூஜை அறைக் கதவு மரச் சிற்பம் – அரும்பாவூர்' என்பது போல. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் வெளிமாநிலத்தில் இருப்பவருக்கும் கிடைக்கும். ஷார்ட்ஸின் விவரப் பகுதியில் லிங்க் கொடுத்தாலும் அதைத் தொட்டால் திறக்காது. எனவே, பட்டறைக்கென்று வைத்திருக்கும் நம்பரை வீடியோவிலேயே எழுத்தாகக் காட்டிவிடலாம்.

அந்த விலை என்ன?

ஆரம்பத்தில் சொன்ன விலை இதுதான்: நேரம். உளி பிடிக்கும் கைக்கு ஒரு மணி நேரம் என்பது கூலி. நாலு செயலியிலும் இருக்க வேண்டும் என்று ஓடினால் சிலை நின்றுவிடும். அப்பா உளி பிடிக்க, காலேஜ் போகும் மகளோ மகனோ ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் போன் பிடித்தால் நடக்கும். அந்த உழைப்புக்கும் குடும்பக் கணக்கில் ஒரு பங்கு எழுதுவதுதான் நியாயம். இலவசம் என்று நாம் சொல்வதில் பாதி, வீட்டில் யாரோ ஒருவரின் தூக்கம்.

எந்த வழி பலன் தருகிறது என்று தெரிந்துகொள்ளவும் செலவில்லை. போன் செய்யும் ஒவ்வொருவரிடமும், "எங்க பாத்துட்டு கூப்பிடுறீங்க?" என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். மூன்று மாதம் கழித்து எந்தப் பக்கத்தில் கோடு அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம். மற்றதை விட்டுவிடலாம்.

'நீ என்னை ஃபாலோ பண்ணு, நான் உன்னை ஃபாலோ பண்றேன்' குழுக்களும், காசுக்கு ஃபாலோயர் விற்பவர்களும் வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் சிலை வாங்குபவர் யாரும் இல்லை.

எச்சரிக்கை இரண்டு

நம்பர் வெளியே போனால் நல்லவர்கள் மட்டும் கூப்பிட மாட்டார்கள். "பெரிய ஆர்டர், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால், போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏமாந்துவிட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, எந்தச் செயலியும் நம் சொந்த நிலம் இல்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அதில் டிக்டாக்கும் இருந்தது. அதில் லட்சக்கணக்கில் கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள். வாடிக்கையாளர் நம்பரைக் காகித நோட்டில் எழுதி வைத்திருந்தவருக்கு அந்தக் கவலை இல்லை. வீடியோ எங்கே போட்டாலும் சரி, வந்தவரின் பெயரும் நம்பரும் கடைசியில் உங்கள் நோட்டுக்கு வந்துசேர வேண்டும்.

மறைக்காமல் சொல்லுங்கள்

மெஷினில் வெட்டி, கையால் மெருகேற்றிய சிலையாக இருந்தால் அப்படியே சொல்லிவிடுவது நல்லது. முழுக்கக் கையால் செய்ததென்றால், செய்யும்போது எடுத்த வீடியோவைச் சிலையோடு சேர்த்து வாங்கியவருக்கு அனுப்பலாம். தன் வீட்டுப் பிள்ளையார் மரக்கட்டையாக இருந்த நாளைப் பார்க்கும் ஒருவர், அதை நாலு சொந்தக்காரர்களுக்குக் காட்டாமல் இருக்க மாட்டார். அந்த நாலு பேர் போனிலும் அரும்பாவூரும் சிற்பியின் பெயரும் சேர்ந்தே போய்ச் சேரும்.

சிலை இத்தனை காலமும் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இனி, செய்தவர் பெயரும் கூடவே போகட்டும்.

(அடுத்த வாரம்: கைவினைப் பொருளை உடையாமல் பார்சல் கட்டுவது எப்படி?)