சீட்டில் இல்லாத பெயர்

1987 டிசம்பர். அகத்தியர் மலைக் காட்டில் பி. புஷ்பாங்கதன் தலைமையில் சென்ற ஆய்வுக் குழு நடந்து நடந்து களைத்துவிட்டது. வழிகாட்டிகளாக வந்த காணிகளோ ஏதோ சிறு பழங்களைக் கொறித்தபடி தெம்பாக முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். என்ன பழம் என்று கேட்டபோது தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம். வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப் பச்சை ஆய்வுக்கூடம் வந்த கதை இதுதான்.

எந்தத் தாவர மாதிரியும் உலர்தாவரக் கூடத்தில் நுழையும்போது ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. தாவரவியல் பெயர், கிடைத்த இடம், உயரம், தேதி, சேகரித்தவர், அவர் கொடுத்த எண். பெயர் தவறு என்று பின்னால் ஒருவர் கண்டுபிடித்தால் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. திருத்திய பெயரையும், கீழே தன் பெயரையும் தேதியையும் எழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார். பார்கோடு, தரவு மேலாண்மை மென்பொருள் என்று வந்த பிறகும் வேலை அதேதான்: யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழியாது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலிருந்து எழுத்து அழிந்த குப்பியை எடுத்துவிட்டு விழிப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 'சேகரித்தவர்' என்ற கட்டத்தில் செடியைப் பறித்துக்கொண்டு வந்த விஞ்ஞானியின் பெயர்தான் வரும். சொல்லிக் கொடுத்தவருக்குக் கட்டம் இல்லை. டிரைகோபஸ் ஜெய்லானிகஸ் என்ற பெயரிலும் இலங்கைதான் இருக்கிறது. அங்கும் வளர்கிறது என்பது உண்மைதான். களைப்பைப் போக்கும் என்று சொன்னவர்கள் காணிகள். பழைய ஆட்கள் இதில் தாராளம். டச்சுக்காரர் வான் ரீட் வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' முதல் தொகுதியில் (1678) மூலிகைத் தகவல் தந்த இட்டி அச்சுதன் வைத்தியரின் வாக்குமூலம் அவருடைய கோலெழுத்திலேயே அச்சாகியிருக்கிறது.

புஷ்பாங்கதன் பின்னர் இயக்குநரான, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், செடியின் இலையைக் கொண்டு 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ரூ. 10 லட்சத்துக்கு உரிமம் கொடுத்தது. அந்தத் தொகையிலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு. 1997இல் அறக்கட்டளை பதிவாயிற்று, 1999இல் பணம் வந்தது, 2002இல் ஐ.நா. ஆதரவுடன் வழங்கப்படும் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது. நியாயமான ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் எந்தக் காணிகளுக்கு? தகவல் சொன்னவர்கள் ஒரு குடியிருப்பினர். மற்றக் குடியிருப்புகளின் மூத்த வைத்தியர்கள், தங்களைக் கேட்காமல் ரகசியத்தை விற்றுவிட்டதாகக் கோபப்பட்டார்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைக் காணிகளைப் பற்றி யாரும் பேசவேயில்லை. சொன்னவர் யார், யார் சார்பில் சொன்னார், எதற்கு அனுமதித்தார் என்று முதல் சீட்டிலேயே எழுதியிருந்தால் இந்தச் சண்டை எட்டு வருடம் முன்னதாகவே, பணம் வருவதற்குள்ளேயே, வந்திருக்கும்.

அமெரிக்காவில் உருவான லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் அமைப்பு இதற்கென்றே மரபறிவுக் குறிச்சீட்டுகளை வைத்திருக்கிறது. சமூகமே வாசகத்தைத் தீர்மானிக்கும். அது மாதிரியின் மின்பதிவோடு ஒட்டிக்கொண்டு போகும். மென்பொருளில் அப்படி ஒரு கட்டத்தைச் சேர்ப்பது சில நிமிட வேலை. அதைக் காலியாக விட்டால் பதிவு சேமிக்கப்படாது என்று உத்தரவிட வேண்டியவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல, இயக்குநர்.