துணை நிற்கும் பிராணிகளின் பெருமை

1996-ஆம் ஆண்டு ஜப்பானில் கையடக்கக் கருவிக்கான விளையாட்டாகப் பிறந்த போக்கிமானைக் குழந்தைகளின் பொழுதுபோக்கு என்றே பலர் இன்னும் எண்ணியிருக்க, அதன் உலகப் போட்டிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறவர்களோ, அங்கே ஆண்டுக்காண்டு மாறிவரும் அணி வகுப்பு முறைகளில் யுத்த சாஸ்திரத்துக்குரிய நுட்பங்களைக் காண்கிறார்கள். ஆறு பிராணிகள் கொண்ட அணியிலிருந்து நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாகக் களத்தில் நிறுத்தி ஆடும் இந்தப் போட்டியில், பலமொன்றே வெற்றிக்குப் போதும் என்று நம்பி வருகிறவன் வெகு சீக்கிரத்தில் ஏமாந்து போவான்.

2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க் பட்டம் வென்ற விதமே இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். அவருடைய அணியில் கார்சோம்ப் என்னும் பிராணியின் அடிப்படைத் திறன்களின் கூட்டுத்தொகை 600; பச்சிரிசு என்ற சின்னஞ்சிறு மின்சார அணிலுக்கோ வெறும் 405. ஆயினும், தண்ணீரும் பறத்தலும் கூடிய இயல்பால் மின்சாரத் தாக்குதலுக்கு நான்கு மடங்கு சேதமடையக்கூடிய கியாரடோஸ் என்னும் தோழனின் அருகே இந்த அணில் நின்று, எதிரி அதைக் குறிவைத்து ஏவும் மின்னலைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டதோடு நில்லாமல், மின்சாரத்தை உறிஞ்சும் தன் சுபாவத்தால் அதையே தன் உயிராற்றலாக மாற்றிக்கொள்ளும். தோழனைக் காக்கும் அந்தக் காரியத்துக்காகவே அது அணியில் இடம்பெற்றது என்பதை உணராமல், வென்றவரின் பட்டியலில் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொள்கிறவனுக்கு அந்த ஜயத்தின் சாரம் கிட்டாது.

2018 தொட்டுப் பிரபலமான இன்சினரோர் என்னும் பிராணியும் இந்த மரபில் வந்ததுதான். களத்தில் காலெடுத்து வைத்தவுடன் எதிரிகள் இருவரின் தாக்கும் வலிமையையும் குறைத்து, வந்த முதல் முறையிலேயே ஒருவனைச் செயலற்று நிற்கச் செய்யும் அதை எங்கும் காண்பது சலிப்பூட்டுகிறது என்றும், விலக்கிவிட வேண்டும் என்றும் சிலர் முறையிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இருவர் சேர்ந்து போரிடும் ஆட்டத்தில் துணைவனுக்கு மதிப்பு உயர்வது இயற்கை. ஒன்றை நீக்கினால் அதே காரியத்தைச் செய்யும் வேறொன்று அந்த இடத்துக்கு வரும். எந்தெந்தப் பிராணிகளை அனுமதிப்பது என்ற விதியைப் பருவந்தோறும் மாற்றும் வழக்கமே சலிப்புக்குத் தக்க பரிகாரம்.

அணி விவரங்களை எதிராளிக்கு முன்கூட்டியே காட்டிவிடும் முறை 2023-ஆம் ஆண்டுப் பருவத்தில் புகுந்ததை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். கையிலிருக்கும் பொருள், சுபாவம், நான்கு தாக்குதல்கள் ஆகிய யாவும் தெரிந்த பின்னர், ரகசியத்தின் பலத்தால் மட்டும் கிட்டும் வெற்றிகள் அருகி, எதிரியின் மனப்போக்கை ஊகிக்கும் திறமைக்கு முதலிடம் கிடைத்திருக்கிறது. அப்படியும், ஒரு பிராணிக்குரிய 510 பயிற்சிப் புள்ளிகளை அதன் எஜமானன் எந்தெந்தத் திறனுக்கு எவ்வளவு பங்கிட்டிருக்கிறான் என்பது அந்த அணி விவரங்களில் இடம்பெறுவதில்லை. குறிப்பிட்ட ஓர் எதிரியின் ஓரடியை மயிரிழையில் தாங்கி நிற்பதற்கென்றே இரவெல்லாம் கணக்கிட்டுச் செய்யும் அந்தப் பங்கீட்டில்தான் ஒவ்வோர் ஆட்டக்காரனின் சொந்த அறிவு வெளிப்படுகிறது. ஆகையால் அந்த ஒரு ரகசியத்தை மட்டும் விதி வகுப்போர் இனியும் திறந்துவிடாதிருக்க வேண்டும்.