வில்லன் பேசுகிறான், வீடே சிரிக்கிறது!

டெலிவிஷனில் "அமைதிப்படை" ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருமனையானாலும் சரி, ஆரல்வாய்மொழியானாலும் சரி, வீட்டில் நடப்பது ஒன்றுதான். தாத்தா சிரிக்கிறார். பேரனும் சிரிக்கிறான். சிரிக்க வைப்பவன் யார்? நாகராஜசோழன் என்ற கல்நெஞ்சக்காரன்!

மணிவண்ணன் டைரக்ட் செய்த இந்தப் படம் 1994-ல் வெளிவந்தது. கோவிலில் சிதறு தேங்காய் பொறுக்கித் தின்னும் அமாவாசை, நாகராஜசோழன் எம்.எல்.ஏ. ஆகிறான். (தென்னைக்குக் குறைவில்லாத குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதுவே ஒரு வேடிக்கை!) நம்பிய பெண்ணைக் கைவிடுகிறான். ஆனால் சத்யராஜின் நையாண்டிப் பேச்சில் அந்தப் பாவம் மறந்து போகிறது.

1950-ல் வந்த "மந்திரி குமாரி"யில் ராஜகுருவாக நடித்தார் எம்.என்.நம்பியார். அந்த ராஜகுருவை வெறுக்கத்தான் முடியும். இவனையோ ரசிக்கத் தோன்றுகிறது. ஆபத்து இங்கேதான்!

அதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டாம். அதில் ஒரு காட்சி உண்டு. ஓட்டு எண்ணுகிறார்கள். அமாவாசை நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். ஓட்டு ஏறுகிறது. உடம்பு மெல்லப் பின்னால் சாய்கிறது. கால் மேல் கால் ஏறுகிறது! அவனைத் தேர்தலில் நிறுத்திய அரசியல்வாதி பக்கத்தில் இருந்து விழிக்கிறார். அந்த வேடமும் மணிவண்ணன்தான். தலையாட்டிப் பொம்மை என்று நினைத்தவன் எஜமான் ஆகிவிட்டான்!

அந்த நேரத்தில் பேரன், "தாத்தா, இவனுக்கு ஓட்டுப் போட்டது யாரு?" என்று கேட்கட்டும். தாத்தா சிரிப்பை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.