பிள்ளையோடு ஒரு பாயில்

எமது பிள்ளைகள் இசை பயில்கிறார்கள். நாம் கட்டணம் செலுத்துகிறோம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வார இறுதிகளில் நடப்பது இதுதான். பிள்ளை உள்ளே வயலினோ மிருதங்கமோ பழக, பெற்றோர் வெளியே வாகனத்தில் காத்திருப்பர். வீடு திரும்பியதும் "சாதகம் பண்ணினாயா?" என்ற அதட்டல் மட்டுமே எஞ்சும்.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் இசை இப்படிக் கைமாறியதில்லை. உடப்பில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலுக்கு வகுப்பு ஏது? ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடியபடி கயிற்றை இழுப்பர். தந்தை பிடித்த கயிற்றையே மகனும் பிடித்தான். தாளம் பிசகினால் இழுவை பிசகும், அதுவே பரீட்சை. ஆனால், இயந்திரம் கயிற்றை இழுக்கும் கரையில் அப்பாடலுக்கு வேலையில்லை. தொழில் தந்த ஆசிரியம் தொழிலோடு போய்விடும். அதன்பின் வீடுதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

வீடு அதைச் செய்யக்கூடும் என்பதற்குச் சான்று புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் இருக்கிறது. ஐரோப்பியர் ஆட்சிக் காலங்களில் படைவீரராகவும் அடிமைகளாகவும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்களது மஞ்சா இசைக்குப் பெரிய வாத்தியங்கள் தேவையில்லை. றபான், தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, வெற்றுப் போத்தல் போதும். முதியோர் பாட, இளையோர் கூடவே தட்டிப் பாடிப் பழகுகின்றனர். வரிகள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. அன்றாடப் பேச்சிலோ அம்மொழி அருகிவிட்டது, சிங்களமே வழங்குகிறது. ஆயினும் பாட்டு நிற்கிறது.

"இந்த வயதில் எமக்கு விரல் வளையுமா?" என்று கேட்பீர்கள். ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998) இதற்கு நல்ல விடையொன்றை வைத்திருந்தார். பிள்ளைக்குக் கற்பிக்குமுன் தாய்க்கு ஒரு பாடலை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது அவரது முறை. தாயை வித்துவான் ஆக்குவது நோக்கமன்று. தாய் வாசிப்பதைக் காணும் பிள்ளை தானும் வில்லைக் கையில் எடுக்க ஆசைப்படும். ஒரு சுரத்தைச் சரியாகப் பிடிப்பது எத்துணை கடினம் என்பதைத் தாயும் உணர்வாள். உணர்ந்தவள் அதட்டமாட்டாள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புலம்பெயர் தேசங்களில் பாட்டு வகுப்பே தமிழைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவோர் பலர். சிறாம்பியடி சொல்வது வேறு: பாட்டு பிழைத்திருக்க, மொழி நழுவிவிடலாம். பொருள் தெரியாது ஒப்புவிக்கும் கீர்த்தனம் அரங்கேற்றத்தோடு முடிந்துவிடும். பொருளைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அவர் தாயாகவோ தந்தையாகவோ இருப்பதே இயல்பு.

ஆகவே, அடுத்த வகுப்புக்கு நீங்களும் உள்ளே செல்லுங்கள். ஆசிரியர் இசையாவிடின் வீட்டில் பிள்ளையிடமே சரளி வரிசையைக் கேட்டுப் பழகுங்கள். உங்கள் அபசுரத்தைப் பிள்ளை திருத்தட்டும். நாள்தோறும் கால் மணி நேரம் போதும். சான்றிதழ் எதுவும் கிடைக்காது. சாதகம் பண்ணினாயா என்று கேட்கும் தேவையும் இராது.