கண்ணாடிப் பாலத்துக்கு ரூ.37 கோடி, கரையில் உட்கார இடமில்லை

குமரிக் கடலில் கண்ணாடிப் பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. திருவள்ளுவர் சிலையின் வெள்ளி விழாவையொட்டி 2024 டிசம்பர் 30 அன்று அது திறக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், செலவு ரூ.37 கோடி. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு ஏறக்குறைய ரூ.48 லட்சம். விவேகானந்தர் பாறைக்கும் சிலைப் பாறைக்கும் நடுவே இத்தனை பணத்தைச் செலவிட முடிந்தவர்களுக்கு, அதே கடலைப் பார்த்தபடி ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடக் கரையில் ஒரு புல்தரையை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஏன் முடியவில்லை?

பாலத்துக்கு ஒரு நியாயம் உண்டு. சிலைப் பாறையைச் சுற்றி ஆழம் குறைவு. கடல் சற்றே உள்வாங்கினாலும் அங்கே படகை அணைக்க முடியாது. விவேகானந்தர் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, சிலையை எட்ட நின்று கும்பிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். அந்தக் குறையைப் பாலம் தீர்த்தது. ஆனால் அது கரையைத் தொடவில்லை. படகுத்துறையில் வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, படகேறிய பிறகுதான் பாலத்தில் கால்வைக்க முடியும். காற்று வலுத்துப் படகு நின்றால் பாலமும் ஆளின்றிக் கிடக்கும். வரிசையில் நிற்க முடியாத முதியவரும், குடும்பம் முழுவதற்கும் டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லாத கூலித் தொழிலாளியும் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. கன்னியாகுமரிக்கு மக்கள் வருவது சூரியனைப் பார்க்க. வழக்கமான நாள்களில் படகு காலை 8 மணிக்குத்தான் புறப்படும். மாலை 4 மணியோடு சேவை முடியும். சூரியன் எழுவதும் விழுவதும் ஆறு மணியை ஒட்டி. எதைக் காண வருகிறார்களோ, அதைப் பாலத்தில் நின்று காண வழியில்லை. அதிகாலை இருட்டில் குழந்தைகளை எழுப்பி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு வரும் கூட்டமும், சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்கக் கிழக்கே நிலா ஏறுவதைப் பார்க்க வரும் கூட்டமும் கரையில்தான் நிற்கின்றன. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த காட்சி முழுவதும் கரைக்குச் சொந்தமானது. செலவு மட்டும் கடலுக்குள் போயிருக்கிறது.

அந்தக் கரையின் நிலைமை என்ன? ஐயப்ப சீசனில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் போதும். நிறுத்திய வேனுக்கும் வேனுக்கும் நடுவே, எண்ணெய்க் கறை படிந்த தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள் அவர்கள். புளியோதரைப் பொட்டலத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையை வண்டிச் சக்கரத்தின் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறாள் ஒரு தாய். சாப்பிட்ட இலையைப் போடத் தொட்டி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கை கழுவக் குழாய் தேடினால் கடலைக் காட்டுகிறார்கள். வயதானவர்கள் கடைப் படியில் உட்காருகிறார்கள். வியாபாரம் கெடுகிறதென்று கடைக்காரர் எழுப்பிவிடுகிறார். அவர் மீதும் குற்றமில்லை, அவரும் வாடகை கட்டுகிறவர். பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர்களுக்கு நிழலில் பத்தடிப் புல்தரை கொடுக்க முடியாத ஊர், அவர்களிடம் பார்க்கிங் கட்டணத்தை மட்டும் தவறாமல் வாங்குகிறது.

வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மாவட்டத்துக்காரர்களின் கதை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மூன்று சென்ட், நான்கு சென்ட் மனையில் வீடு கட்டி, மதிலோடு மதில் ஒட்ட வாழும் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கக் கடற்கரையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் கறியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சங்குத்துறைக்கும் சொத்தவிளைக்கும் முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் போவது இங்கே தலைமுறை வழக்கம். இவற்றில் கடலை நோக்கிய பூங்கா என்று பெயர் பெற்ற இடங்களெல்லாம் ஒரே மாதிரித் தேய்ந்துவருகின்றன. திறப்பு விழாவன்று புல் பச்சையாக இருக்கும். உப்புக் காற்றில் புல் நிற்க வேண்டுமானால் நல்ல தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்று எழுதிவைக்க மறந்துவிடுகிறார்கள். அடுத்த கோடைக்குள் புல் காய்ந்து நெருஞ்சி படர்கிறது. இரும்புச் சறுக்கு துருவேறிப் பிள்ளைகளின் துணியைக் கிழிக்கிறது. இருக்கையின் சிமென்ட் உதிர்ந்து கம்பி வெளியே நீட்டுகிறது. கடைசியில் கழிவறைக் கதவில் பூட்டு.

இதைக் கேட்டால் அதிகாரிகள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளைக் காட்டுவார்கள், கரையில் எதுவும் செய்ய முடியாது என்பார்கள். கட்டடத்துக்கு இடம் தராத பகுதியில்கூட தோட்டம், பூங்கா, விளையாட்டிடம் ஆகியவற்றை அந்த விதிகளின் 2011 அறிவிக்கையே அனுமதித்தது. புல்லும் மரமும் வைக்கச் சட்டம் தடையில்லை. தாழையும் புன்னையும் இந்த மண்ணில் தாமாக வளர்பவை. அடம்பங்கொடி மணலைக் கட்டிப்பிடித்து நிற்பது. இவற்றை வைக்கப் பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. ஒப்பந்தம் தேவைப்படாத வேலை என்பதால்தான் அதில் யாருக்கும் அக்கறை வரவில்லையோ என்று மக்கள் சந்தேகப்பட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முடிவெடுத்தவர்களே.

கடற்கரைப் பூங்காவை அழகு சார்ந்த விஷயமாக மட்டும் பார்ப்பதும் தவறு. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாள்களில் கள்ளக்கடல் பற்றி ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் எச்சரித்திருந்தது. எங்கோ தொலைவில் எழும் பேரலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறுவதுதான் கள்ளக்கடல். வெளியூர் இளைஞர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. மேட்டில், அலைக்கு எட்டாத தூரத்தில், நிழலோடும் காவலரோடும் உட்கார இடம் இருந்தால் கூட்டத்தில் பெரும்பகுதி அங்கேயே தங்கும். உட்கார எதுவுமே இல்லாத கரையில் மக்கள் நேரே தண்ணீருக்குத்தான் போவார்கள். தடுப்புக் கம்பமும் எச்சரிக்கைப் பலகையும் மட்டும் போதும் என்று நினைத்தவர்கள், ஐந்து வீடுகளில் விழுந்த இழவுக்குப் பிறகாவது யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கும் வழக்கம் முடிவெடுப்பவர்களிடம் இல்லை என்பதற்கு இந்தக் கரையே சாட்சி. 2016-இல் இனயத்தில் ஏறத்தாழ ரூ.27,500 கோடியில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்று அறிவித்தார்கள். கடலோர ஊர்கள் கொதித்தெழுந்ததும் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே அதைத் தூக்கிப் போட்டார்கள். அங்கும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். துறைமுகம் வரவில்லை, ஆண்டுக்கணக்கில் இரண்டு பகுதி மக்களின் தூக்கம்தான் போனது. சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டி வாங்கிய தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற இரு படகுகள் கன்னியாகுமரிக்கு வந்த பிறகும் நெடுநாள் ஓடாமல் கட்டிக் கிடந்தன. 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தை அடித்துச் சென்றது; அதற்குப் பதிலாக நிரந்தரப் பாலம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பாலத்தில் போய்வந்தார்கள் இரு கரை மக்களும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், ராமேசுவரம், மணப்பாடு வழியாகக் கன்னியாகுமரி வரை கடலோரச் சுற்றுலாத் தடம் என்று 2016-17-இல் சுதேச தர்ஷன் திட்டத்தில் ஓர் ஒப்புதல் வந்தது. அந்தத் தடத்தின் பெயரைச் சொல்லக்கூடிய பயணி ஒருவரை இன்று கன்னியாகுமரித் தெருவில் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆட்சிகள் மாறின, கோப்புகளின் நிறம் மாறியது. கரையில் வாழ்பவரையும் கரைக்கு வருபவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுக்கும் முறை மட்டும் மாறவே இல்லை.

குளச்சலுக்கு மேற்கே நீரோடி வரை பல ஊர்களில் மணற்பரப்பே போய்விட்டது. கடல் அரிப்புக்குப் போட்ட கருங்கல் சுவர்தான் அங்கே கரை. சுவரில் மோதித் தெறிக்கும் அலையைக் காட்டித்தான் பாட்டிமார் பேரன் பேத்திகளிடம் இங்கே மணல் இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சிய திறந்த கரையின் அருமை இதனால் பல மடங்கு கூடுகிறது. அது மீனவர்களின் பணியிடமும்கூட. வலை உலர்த்தவும் வள்ளம் ஏற்றவும் அவர்களுக்கு வேண்டிய மணலில் யாரும் பூங்கா கேட்கவில்லை. ஏற்கெனவே பூங்கா என்று வேலி போட்ட இடங்களைப் பூங்காவாக வைத்திருக்கத்தான் கேட்கிறார்கள்.

மற்ற ஊர்களில் இது நடக்கிறது. புதுச்சேரியில் மாலை 6 மணியானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. மறுநாள் காலை 7.30 வரை சாலை நடப்பவர்களுக்கே சொந்தம். கொழும்பின் காலி முகத்திடல் 1859 முதல் பொதுமக்களின் புல்வெளியாக இருக்கிறது. பட்டம் விடும் பிள்ளைகளும் இறால் வடை தின்னும் குடும்பங்களும் மாலைதோறும் அங்கே கடலைப் பார்த்து உட்காருகிறார்கள். சிங்கப்பூர் கடலைத் தூர்த்த நிலத்தில் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவை அமைத்து, புல்தரையை மக்களுக்கு விட்டது. கடலும் காற்றும் காலைச் சூரியனும் குமரிக்கு இயற்கையே தந்தவை. தூர்க்க வேண்டிய அவசியம்கூட இங்கே இல்லை. வைத்திருப்பதைப் பராமரித்தால் போதும். அதைக்கூடச் செய்யாதது வசதிக் குறைவால் வந்ததல்ல. மக்களை ஒரு பொருட்டாக நினைக்காததால் வந்தது.

வாசலைப் பெருக்காமல் மாடியில் தோரணம் கட்டுகிற வேலை இனியும் வேண்டாம். சங்குத்துறை முதல் தேங்காய்ப்பட்டணம் வரையுள்ள கடற்கரைப் பூங்காக்களுக்கு ஒரு பொறுப்பாளரும் நிலையான நிதியும் வேண்டும். எந்தத் துறை, எந்தக் கணக்கு என்பதை அதிகாரிகளே பேசி முடிக்கட்டும். பேசுவதற்குத்தானே அத்தனை கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த ஐயப்ப சீசன் தொடங்குவதற்குள் கன்னியாகுமரிக் கரையில் நிழலும் தண்ணீரும் புல்லும் திறந்த கழிவறையும் இருக்க வேண்டும். இல்லையென்றால், ரூ.37 கோடிக்குக் கைதட்டிய அதே மக்கள், தங்கள் பங்கு எங்கே என்று திறப்பு விழா மேடைகளின் முன்னால் வந்து கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.