பூட்டைக் கேட்கிறாங்க, ஓதத்தைக் கேட்கிறதில்லை

துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருக்கிற விவசாயிகிட்ட எந்த அதிகாரி வந்தாலும் ஒரே கேள்விதான்: "பூட்டி வச்சிருக்கீங்களா?" பூட்டித்தான் வச்சிருக்கேன். இரும்புப் பெட்டி, ரெண்டு சாவி. அந்தப் பெட்டிக்குள்ள எவ்வளவு ஓதம் இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை.

விவசாயிக்கு எதுக்குத் துப்பாக்கின்னு நீங்க கேட்பீங்க. 1959 ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவிலேயே பயிர்ப் பாதுகாப்புக்குன்னு, வாய்ப்பக்கமா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைத் தனியாச் சொல்லியிருக்கு. எனக்கு வீடு வானகரம், நிலம் ஊத்துக்கோட்டைக்கு மேற்கே. பன்றியைச் சுடறதுக்கில்லை, வேர்க்கடலைக் கொல்லையில சத்தம் போட்டு விரட்டறதுக்கு. எங்களுக்கு அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான்.

சாமான்னா துருப்பிடிக்கும். வானகரத்துல கூவத்தை ஒட்டின வீடுகள்ல ஐப்பசி கார்த்திகையில சுவத்துல ஓதம் ஏறும். காலையில காத்து ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டும். அந்தக் காத்தோட பெட்டியைப் பூட்டினா ஈரமும் உள்ளேயே பூட்டிக்கும். ராத்திரி இரும்பு குளிரும்போது உள்பக்கம் வேர்க்கும். கருமருந்து வெடிச்ச கரி குழல்ல மிச்சம் இருந்தா, அது உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். உள்ள அரிச்ச குழல்ல மருந்து கெட்டிச் சுட்டா வெடிச்சுச் சிதறலாம். அப்ப போறது பன்றி இல்ல, என் கண்ணும் விரலும். பூட்டு அடுத்தவங்க பாதுகாப்புக்கு, சரி. சுடறவன் பாதுகாப்பு யார் கணக்கு?

கடைக்காரங்க இதுக்கு மேல. நெருப்புத் தாங்கும் பெட்டின்னு விலை கூட்டி விக்கிறாங்க. பல பெட்டிகள்ல நெருப்பைத் தாங்கறது உள்ளே வச்ச ஜிப்சம் அட்டை. ஜிப்சத்துலயே தண்ணி இருக்கு, நெருப்புல அது ஆவியாகித்தான் சூட்டைத் தடுக்குது. அதைச் சொல்லி விக்கிறவரை நான் பார்த்ததில்லை. செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலத்தை இலவசமா போட்டுத் தருவாங்க. வரும்போதே அது ஈரம் குடிச்சு வயிறு நிறைஞ்சிருக்கும். நீலம் ரோஸ் ஆகிற மணிகளை வாங்கி, அப்பப்ப 120 டிகிரி சூட்டுல உலர்த்தினாத்தான் பிரயோஜனம். பஞ்சு வச்ச ரெக்ஸின் உறை வேண்டவே வேண்டாம், அது ஈரத் துணியைச் சுத்தி வைக்கிறதுக்குச் சமம்.

எங்க அப்பா காலத்துல துப்பாக்கி அடுப்புக்கு மேல, விதைச் சோளக்கதிர் பக்கத்துல தொங்கும். இன்னிக்கு அப்படித் தொங்கவிட முடியாது, விடவும் கூடாது. ஆனா அந்த உலர்ந்த சூடுதான் விஷயம். நான் பெட்டியை வெளிச்சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி, பலகை மேல வச்சிருக்கேன். உள்ள சின்ன ஈரமானி; 50க்கு மேல முள் ஏறினா மணியை மாத்துவேன். சுட்டு முடிச்சா சுடுதண்ணியில குழலைக் கழுவி, துடைச்சு, மெஷின் ஆயில். தேங்காயெண்ணெய் தடவறவங்க இருக்காங்க, நாள்பட அது பிசினாகும்.

இவ்வளவு பார்த்து வச்சதை, தேர்தல்னா கொண்டுபோய் ஒப்படைக்கணும். 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலுக்குக் கொடுத்தேன், நல்ல மழைக்காலம். சிமெண்ட் தரையில, சணல் சாக்குல, சுவத்துல சாய்ச்சு வச்சாங்க. திரும்பி வந்தப்ப குழல் வாய் செம்மண் நிறம். 2024ல மார்ச் 16ல தேர்தல் அறிவிப்பு, ஜூன் 4ல எண்ணிக்கை: 80 நாள். நாம ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19லேயே.

எல்லார் துப்பாக்கியையும் வாங்கிக்கோங்கன்னு தேர்தல் ஆணையம் சொல்லவே இல்லைங்கிறதுதான் கொடுமை. ஜாமீன்ல இருக்கிறவங்க, குற்றப் பின்னணி உள்ளவங்க, கலவரத்துல சேர்ந்தவங்கன்னு ஒவ்வொரு லைசென்ஸா குழு வச்சுப் பரிசீலிக்கச் சொல்லுது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வும் 2024ல மொத்தமா வாங்கறது தப்புன்னுதான் சொல்லுச்சு. பரிசீலிக்க நேரமில்லை, வாரி வாங்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க.

வாங்கித்தான் ஆகணும்னா வாங்குங்க. தரையில வைக்காதீங்க, எண்ணெய்த் துணி சுத்த விடுங்க. ரசீதுல குழல் உள்பக்கம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. திருப்பித் தரும்போது அதே வரியைப் பார்த்து, பக்கத்துல இன்னொரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க.